டிடிஎஸ் 220 சரியாக இருந்தும் செர்ரி இறால் சாகிறதா?

வணக்கம் மக்களே. இன்று என் செர்ரி இறால் (அழகுக்கு வளர்க்கும் குட்டி நன்னீர் இறால்) தொட்டியைச் சுற்றிக் காட்டுவதாகச் சொல்லியிருந்தேன், அது அடுத்த வாரம். இப்போது எனக்கு டிடிஎஸ் பேனா மேல் செம கடுப்பு. தண்ணீரில் கரைந்திருப்பதன் மொத்த அளவை பிபிஎம் (பத்து லட்சத்தில் எத்தனை பங்கு) கணக்கில் காட்டுமே, அந்தக் கருவிதான்.

கடலூர் தேவனாம்பட்டினத்துத் தம்பி ஒருவர், “அண்ணா, டிடிஎஸ் கரெக்டா 220, நீங்க சொன்ன அளவுதான், ஆனா இறால் ஒவ்வொண்ணா சாகுது” என்று எழுதியிருந்தார். பழைய வீடியோ ஒன்றில் அளவு சொன்னது நான்தான். அதே வீடியோவில் ஜிஹெச் (தண்ணீரில் கால்சியம், மெக்னீசியம் எவ்வளவு என்று சொல்லும் கடினத்தன்மை அளவு) பற்றித் தொண்டை கிழியக் கத்தியதை மட்டும் யாரும் கேட்பதில்லை! போட்டோவில் செத்த இறாலின் தலைக்குப் பின்னால் வெள்ளையாக ஒரு வளையம். வளரும்போது கழற்ற வேண்டிய பழைய மேலோட்டைக் கழற்ற முடியாமல் மாட்டிக்கொண்டு செத்திருக்கிறது. தண்ணீரை பாட்டிலில் பிடித்து அனுப்பச் சொன்னேன். பாண்டிக்கு வேலைக்கு வரும் அவர் மாமா கொண்டுவந்து கொடுத்தார்.

என்னிடம் இருந்த ஜிஹெச் பார்க்கும் கிட் காலாவதியாகிவிட்டது. புதிது வாங்கப் போனால் 1,450 ரூபாயாம்! இரண்டு குட்டி பாட்டில், இரண்டு கண்ணாடிக் குழாய், அவ்வளவுதான் உள்ளே. நானும் விடவில்லை, பேசிப் பேசி 1,300-க்குக் கொண்டுவந்துவிட்டேன். அந்தக் கடையில் தொட்டியில் போடும் வாதாம் இலைக் கட்டு 50 ரூபாய். எங்கள் குருசுக்குப்பத்தில் அந்த மரம் தெருவெல்லாம் இலை கொட்டிக்கொண்டு நிற்கிறது, கூட்டிப் பெருக்க ஆள் இல்லை. சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

குழாயில் தம்பியின் தண்ணீர் 5 மில்லி. கிட் மருந்தைச் சொட்டுச் சொட்டாக விட வேண்டும், எத்தனையாவது சொட்டில் பச்சையாகிறதோ அதுதான் ஜிஹெச். முதல் சொட்டு, ஆரஞ்சு. இரண்டாவது சொட்டு விட்டுக் குலுக்கினேன், பச்சை. முடிந்தது! ஜிஹெச் 2. செர்ரிக்கு 6 முதல் 8 வரை வேண்டும். ஒரு சொட்டு என்பது சுமார் 18 பிபிஎம். ஆக 220-இல் 36தான் கால்சியம், மெக்னீசியம் கணக்கு. மீதியில் பெரும்பகுதி உப்பாகத்தான் இருக்கும், ஏனென்றால் தம்பி தாதுக்களை வடிகட்டிய ஆர்ஓ கேன் தண்ணீரில் போர்வெல் தண்ணீரைக் கலந்து 220-க்குக் கொண்டுவருகிறார். கடலோர போர்வெல்லில் உப்பு ஏறியிருப்பது நமக்குத் தெரியாததா? பேனா தண்ணீரில் மின்சாரம் எவ்வளவு ஓடுகிறது என்று பார்த்து ஓர் எண்ணைக் காட்டும். அது சோடியமா, கால்சியமா என்று அதற்குத் தெரியாது. ஓடு கட்ட இறாலுக்குக் கால்சியம் வேண்டும்.

அட, சொல்ல மறந்துவிட்டேன், முதலில் தொட்டிக் கழிவிலிருந்து வரும் விஷங்களான அமோனியா, நைட்ரைட் இரண்டும் பார்த்தேன். பூஜ்யம். அதனால்தான் ஜிஹெச் பக்கம் போனேன். கொசு லிக்விடும் தம்பியின் தொட்டி இருக்கும் அறையில் இல்லையாம். அது இறாலுக்கு விஷம், பழைய வீடியோவில் சொல்லியிருக்கிறேன்.

தம்பி, போர்வெல் தண்ணீரை நிறுத்துங்கள். ஆர்ஓ தண்ணீரில் இறாலுக்கான ஜிஹெச் கேஹெச் (கார்பனேட் அளவு) பொடியை வாளியிலேயே கரைத்து, ஜிஹெச் 6 வந்த பிறகு ஊற்றுங்கள். வாரத்துக்குத் தொட்டியில் பத்தில் ஒரு பங்குதான் மாற்ற வேண்டும். அவசரப்பட்டுப் பாதியை மாற்றினால் அந்த அதிர்ச்சியிலேயே ஓடு கழற்றப் பார்த்துச் செத்துவிடும். ஆவியாகிக் குறைந்ததை நிரப்ப மட்டும் வெறும் ஆர்ஓ, பொடி வேண்டாம். நீர்தான் ஆவியாகிறது, தாது உள்ளேயே இருக்கிறது.

‘பீச்சில் கிளிஞ்சல் பொறுக்கிப் போட்டால் போதாதா?’ என்று கமெண்ட் வரும், தெரியும். எனக்கு அது சுத்தமாகப் பிடிக்காது. கரையவே நாளாகும், எவ்வளவு கரைந்தது என்ற கணக்கும் கையில் நிற்காது. சரி, இறாலுக்குத் தீனி போடும் நேரம், வருகிறேன்.