ஞாயிறு யாருக்கு? கொழும்பு வெள்ளவத்தையில் ஆற்றிய உரை

அவைக்குத் தலைமை தாங்கும் ஓய்வுநிலை அதிபர் ஐயா அவர்களே, அவருக்கு அருகில் அமர்ந்திருக்கும் மாநகர சபை முன்னாள் உறுப்பினர் அவர்களே, இம்மண்டபத்தின் மின்விசிறிகள் யாவற்றையும் உபகரித்தும் அதை எவரிடமும் சொல்லிக்கொள்ளாத வர்த்தகப் பெருமகனார் அவர்களே, எனக்கு முன் அழகுறப் பேசியமர்ந்த விரிவுரையாளர் அம்மையார் அவர்களே, வெள்ளி மாலைக் காலி வீதி நெரிசலையும் பொருட்படுத்தாது வந்து கூடியிருக்கும் அன்பர்களே, அனைவருக்கும் வணக்கம். வரவேற்புரையில் செயலாளர் தம்பி எனக்குச் சூட்டிய பட்டங்களுள் பாதியை இம்மேடையிலேயே திருப்பித் தந்துவிடுகிறேன். மீதியை வீட்டாரிடம் காட்டிவிட்டுத் தருவேன்.

வேலை, தொலைக்காட்சி, சிறுவயது நாயகர்கள் என்ற மூன்றையும் வார இறுதிச் சிந்தனையாகப் பேசுமாறு அமைப்பாளர்கள் பணித்தார்கள். சுவர் இருந்தால்தான் சித்திரம் எழுதலாம் என்று என் தகப்பனார் அடிக்கடி சொல்வார். இதைச் சொல்லாமல் நான் எந்த மேடையிலிருந்தும் இறங்குவதில்லை என்பதை என்னை அறிந்தவர்கள் அறிவார்கள். பிள்ளையின் மனத்தில் ஒரு நாயகன் சித்திரமாக எழுவதற்கு வேண்டிய சுவர், தாய் தகப்பனுக்குக் கிடைக்கும் ஓய்வுநாள் என்பதே என் கட்சி.

முதலில் வேலை. இந்த நாட்டில் ஞாயிற்றுக்கிழமையே விடுமுறையாக இல்லாதிருந்த காலம் ஒன்று உண்டு என்றால் இங்குள்ள இளையவர்கள் நம்பமாட்டார்கள். 1966 முதல் 1971 வரை பூரணை, அமாவாசை, இரண்டு அட்டமிகள் ஆகிய, பௌத்தர்களின் போயா தினங்களே வாராந்த விடுமுறைகளாக இருந்தன; சந்திரன் நடக்கிற நடைக்கு ஏற்பச் சில வாரங்கள் எட்டு நாளாகவும் நீண்டன. அரசாங்கம் வாரத்தையே மாற்றிப் பார்த்தது, பிறகு பழையபடி வைத்தது; ஆனால் புறக்கோட்டைக் கடைச் சிப்பந்திக்கு இரண்டு முறையிலும் பெரிய வேறுபாடு தெரிந்திராது என்றே நினைக்கிறேன்.

அடுத்தது தொலைக்காட்சி. 1979இல் சுயாதீனத் தொலைக்காட்சி வந்தது. 1982இல் ஜப்பானின் உதவியுடன் ரூபவாஹினி வந்தது. அங்கே டைட்டஸ் தொடவத்த சிங்களத்தில் குரல் கொடுப்பித்த கார்ட்டூன்களைப் பார்த்துத்தான் இந்த வெள்ளவத்தைப் பிள்ளைகள் பலர் சிங்களமே பழகினார்கள். அப்படியொரு பணி தமிழில் ஏன் நிலைக்கவில்லை என்பதைப் பின்னர் விரிவாகச் சொல்வேன். அதற்கு முன் ஒரு கதை சொல்ல வேண்டும்.

1996 மார்ச் 17, ஞாயிற்றுக்கிழமை. லாகூரில் உலகக் கிண்ணக் கிரிக்கெட் இறுதியாட்டம். அப்போது நான் புறக்கோட்டையில் ஒரு புடவைக்கடையில் எழுதுவினைஞன். நிதியாண்டு முடியுமுன் சரக்குக் கணக்கெடுக்க வேண்டும் என்று முதலாளி எங்கள் எல்லோரையும் அன்றைக்கு வரச் சொல்லிவிட்டார். முன் ஷட்டர் பூட்டியிருந்தது. உள்ளே சிட்டைகளும் வியர்வையும் நாங்களும். மூட்டை சுமக்கும் நாட்டாமை ஒருவர் சாப்பாட்டுப் பொதியோடு தம் எட்டு வயது மகனையும் அழைத்து வந்திருந்தார், ஏனென்றால் தகப்பனை விழித்திருக்கும் நேரத்தில் பார்க்க அந்தப் பிள்ளைக்கு வேறு வழியில்லை. வெட்டுத் துண்டுகளைச் சுற்றி நூலால் கட்டிய பந்தொன்றை வைத்துக்கொண்டு, துணிப் பொதிகளுக்கிடையே அவன் மணிக்கட்டைச் சுழற்றிச் சுழற்றி எறிந்துகொண்டிருந்தான். அவனுக்கு முரளிதரன்தான் தெய்வம். முந்திய டிசம்பரில் மெல்பேர்ணில் நடுவர் முரளியின் பந்துகளை முறையற்றவை என்று அறிவித்த செய்தியை, தன் வீட்டுக்கு வந்த வழக்கைப் போல அவன் எங்களுக்கு விளக்கினான்.

முதலாளியின் அறையில் ஒரு சிறிய கறுப்பு வெள்ளைப் பெட்டி இருந்தது. கணக்குப் புத்தகத்தில் ஐயம் கேட்கும் சாக்கில் ஒவ்வொருவராக அங்கே போனோம்; அன்றைக்குப் போல என்றுமே எங்களுக்கு இத்தனை ஐயங்கள் வந்ததில்லை. அவுஸ்திரேலியா 241 ஓட்டங்கள். எமக்கு 23 ஓட்டங்களுக்குள் இரண்டு விக்கெட்டுகள் போயின. பொதிகளை எண்ணினோம், ஆளுக்கொரு தொகை வந்தது, மறுபடி எண்ணினோம். அப்போது அந்தப் பையன் உரத்த குரலில், “அப்பா, முரளிக்கும் ஞாயிற்றுக்கிழமை வேலையோ?” என்று கேட்டான். தகப்பனார் சிட்டையிலிருந்து தலை நிமிராமலே, “ஓமடா மகன், அவற்ற முதலாளியும் லீவு குடுக்கேல்லை” என்றார். முதலாளிக்கும் சிரிப்பு வந்துவிட்டது. பெட்டியை வெளியே தூக்கி வந்து மேசையில் வைக்கச் சொன்னார். எல்லோருக்கும் பிளேன்ரீயும் வந்தது. அரவிந்த டி சில்வா ஆட்டமிழக்காமல் 107 எடுத்து முடித்தபோது அந்தப் பிள்ளை தகப்பனின் தோளில் இருந்தான். அன்றிரவு நான் வீடு திரும்பும் வழியில் சோதனைச் சாவடியில் நின்றவர் அடையாள அட்டையைக் கேட்கவில்லை, கடைசி ஓட்டத்தை அடித்தவர் யார் என்று கேட்டார். அர்ஜுன ரணதுங்க என்றேன். மறுநாள் அதே இடத்தில் அடையாள அட்டையைத்தான் கேட்டார்கள்.

நீங்கள் சிரிக்கிறீர்கள், நானும் சிரித்தேன். ஆனால் அந்த ஞாயிறுக்கு மேலதிக வேலைச் சம்பளமோ பதில் விடுமுறையோ எங்களில் எவருக்கும் கிடைக்கவில்லை. கடை, காரியாலய ஊழியர் சட்டம் வந்தது 1954இல். நாளுக்கு எட்டு மணித்தியாலம், வாரத்துக்கு நாற்பத்தைந்து மணித்தியாலம், அதற்குமேல் வாரத்தில் ஒன்றரை நாள் சம்பளத்துடன் ஓய்வு என்று அது எழுதி வைத்திருக்கிறது. அந்த அரை நாளைக் கேட்டால், “அரை நாளில் என்ன செய்யப் போகிறாய்?” என்று இன்றும் கேட்கிற கடைகளை நான் அறிவேன். ஒரு தகப்பன் தன் பிள்ளையோடு ஓர் ஆட்டத்தை முழுதாகப் பார்ப்பான், ஐயா. சுவரே எழுப்பாமல் சித்திரம் கேட்கிறோம். பிள்ளைகள் கைத்தொலைபேசியிலேயே கிடக்கிறார்கள் என்று கூட்டத்துக்குக் கூட்டம் குறைப்படுகிறோம்.

மூன்றாவதாகிய சிறுவயது நாயகர்களைப் பற்றி, குறிப்பாக இலங்கை வானொலி எங்களுக்குத் தந்த குரல்களைப் பற்றி, நிறையக் குறித்து வந்தேன். தலைவர் அவர்கள் மணியைத் தொட்டுவிட்டார். அவருடைய மணிக்கு நான் மாணவனாகக் கட்டுப்பட்டுப் பழகியவன். தமிழ்க் குரல் கொடுப்புப் பற்றிய வாக்குறுதியும் அடுத்த கூட்டத்துக்குப் போகட்டும்.

வாசலில் ஒரு மேசை போட்டிருக்கிறோம். ஒன்றரை நாள் ஓய்வு நடைமுறையில் கிடைக்கிறதா என்று கடை கடையாகப் பரிசோதிக்குமாறு தொழில் ஆணையாளர் நாயகத்துக்கு அனுப்பும் மனு அதில் இருக்கிறது. கையொப்பத்தோடு வேலை செய்யும் வீதியை மட்டும் எழுதுங்கள். முதலாளியின் பெயர் வேண்டாம். மின்விசிறி உபகரித்த பெரியவர் முதற் கையொப்பம் இடச் சம்மதித்திருக்கிறார். அவருக்கு வழிவிட்டு மற்றவர்கள் வரிசையில் வாருங்கள்.