பழவேற்காட்டு முகத்துவாரம்

நேயர்களுக்கு வணக்கம்.

சென்னைக்கு வடக்கே சுமார் 60 கிலோமீட்டரில் பழவேற்காடு. ஊர்ப் பேரைச் சொன்னதும் டச்சுக்காரர்கள் 1613-இல் கட்டிய கெல்ட்ரியா கோட்டை, பழைய கல்லறைகள், பூநாரைகள் என்று பேச்சு போய்விடும். நான் பேச வந்தது முகத்துவாரத்தைப் பற்றி. ஏரியும் கடலும் சேருகிற அந்த வாய் திறந்திருந்தால்தான் மற்றதெல்லாம்.

ஏரியில் பெரும்பாலும் இடுப்பளவுத் தண்ணீர்தான். ஆழம் குறைகிற இடத்தில் படகுக்காரர் என்ஜினை நிறுத்தி, விசிறியைத் தண்ணீருக்கு மேலே தூக்கிவிட்டு, கழியை ஊன்றித் தள்ளுவார். எங்கே மணல் ஏறியிருக்கிறது, எங்கே வண்டல் என்று அவருக்குக் கழியே சொல்லிவிடும். முகத்துவாரத்தை நெருங்க நெருங்க அந்தக் கழி வர வர மேலேயே நிற்கிறது என்பதுதான் சங்கடம்.

கரையோரமாகக் கடல் நீரோட்டம் இழுத்து வரும் மணல் வாயை அடைக்கிறது. வடகிழக்குப் பருவமழையில் ஆரணியாறு வெள்ளத்தோடு வந்தால் அடைப்பு உடையும். மழை பொய்த்த வருடங்களில்? வெயிலில் ஏரி வற்றி, உப்பு ஏறிக்கொண்டே போகும். இறால் கடலில் முட்டையிடுகிறது, குஞ்சு ஏரிக்குள் வந்து வளர்கிறது. மடவை மீனுக்கும் நண்டுக்கும் ஏறக்குறைய இதே கதைதான். வாசலே மூடிவிட்டால் அவை எங்கே போகும்? கடலுக்குப் போகிற படகுகளுக்கும் வழி கிடையாது.

இங்கே ‘பாடு’ என்று ஒரு முறை உண்டு. இன்ன இடத்தில் இன்றைக்கு யார் வலை கட்டுவது என்பதை மீனவ ஊர்கள் முறை வைத்துப் பிரித்துக்கொள்ளும். சட்டப் புத்தகம் வருவதற்கு முன்பே ஏரியைக் காத்தவர்கள் இவர்கள். ஆகவே தூர் வாருவதோ, கல் கொட்டுவதோ, எதுவானாலும் முதலில் இவர்களைக் கேட்க வேண்டும் என்பது என் கட்சி. ஒரு பக்கம் கல் போட்டால் இன்னொரு பக்கக் கரையைக் கடல் தின்னும். எண்ணூர்ப் பக்கம் போனவர்களுக்கு இது புதிதல்ல.

சவாரிக்கு ஆசைப்படுகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. 2011 கிறிஸ்துமஸ் அன்று இங்கே படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தார்கள். மிதவை அங்கி தராத படகில் கால் வைக்காதீர்கள், படகுக்காரர் எவ்வளவு மலிவாகக் கேட்டாலும் சரி. பூநாரைக் கூட்டத்தைக் கண்டால் “இன்னும் கிட்டே போங்கண்ணே” என்று விரட்டவும் வேண்டாம். பறந்து காட்டுவதற்காக அவை அங்கே நிற்கவில்லை, இரை மேய்கின்றன.

வணக்கம்.