கண்ணாடியிலிருந்து குதித்தவன்

நேயர்களுக்கு வணக்கம். பழைய கம்ப்யூட்டர் கேம்களைப் பற்றிப் பேசக் கூப்பிட்டிருக்கிறார்கள். "அந்தக் காலத்து கேம் மாதிரி வருமா" என்று நான் பெருமூச்சு விடுவேன் என எதிர்பார்த்திருந்தால் ஏமாற்றம்தான். பழைய கேம்களில் பாதிக்கு மேல் இன்றைக்குப் பத்து நிமிஷம்கூட உட்கார்ந்து ஆட முடியாது. ஆனால் சிலவற்றை இன்னமும் விட முடியவில்லை. அது ஏன் என்று யோசித்தால், என் கணக்கில் ஒரே காரணம்தான் வருகிறது. அவற்றைச் செய்தவர்களுக்குக் கம்ப்யூட்டரில் மெமரி போதவில்லை. போதாததையே ஆட்டமாக்கிவிட்டார்கள்.

'பிரின்ஸ் ஆஃப் பெர்சியா'வை எடுத்துக்கொள்வோம். 1989-இல் ஆப்பிள் 2 கம்ப்யூட்டருக்காக ஜோர்டான் மெக்னர் எழுதியது. தன் தம்பியை ஓடவும் குதிக்கவும் விட்டு வீடியோ எடுத்து, ஒவ்வொரு ஃப்ரேமாகப் பார்த்து இளவரசனின் அசைவுகளை வரைந்தார். அதனால்தான் அவனுக்கு உடம்பில் கனம் இருக்கிறது. மரியோ என்றால் குதித்த பிறகும் அந்தரத்தில் இப்படியும் அப்படியும் திருப்பலாம். இளவரசன் தரையை விட்டுக் காலை எடுத்தால் எடுத்ததுதான். ஒரு கண நேரம் தப்பினாலும் கீழே காத்திருப்பது முள். சந்தேகமான இடத்தில் ஷிஃப்டைப் பிடித்துக்கொண்டு அம்புக்குறியைத் தட்டினால், பூனை மாதிரி ஒரே ஒரு அடி வைப்பான். அவன் விளிம்பில் போய் நிற்கும்போது நானும் மூச்சைப் பிடித்துக்கொள்வேன். மொத்தம் 60 நிமிஷம்தான் கெடு என்பது அப்போது மறந்தே போகும்.

இந்த இளவரசனின் படங்களே மெமரியை அடைத்துக்கொண்டன. எதிரிக்குத் தனியாகப் படம் வைக்க இடமில்லை. மெக்னர் என்ன செய்தார்? இளவரசனின் படத்தையே எடுத்து, ஒரு பிட், அதாவது ஒரு புள்ளி அளவு நகர்த்தி, அதன் மேலேயே எக்ஸ்ஓஆர் செய்தார். இரண்டு படமும் ஒத்துப்போகும் இடத்தை அழித்து, வேறுபடும் இடத்தை மட்டும் விட்டுவைக்கும் கணக்கு அது. உள்ளே இருந்ததெல்லாம் அழிந்து மினுங்கும் கோட்டுருவம் ஒன்று மிஞ்சியது. அதுதான் நிழல் மனிதன். பிற்பாடு எப்படியோ இடம் பண்ணிக் காவலர்களையும் கொண்டுவந்துவிட்டார். ஆனாலும் என் மனசில் நிற்பவன் அந்த நிழல்தான்.

நாலாவது லெவலில் வழியை அடைத்துக்கொண்டு ஒரு கண்ணாடி நிற்கும். ஓடிப்போய் அதற்குள் குதித்தால் நீங்கள் ஒரு பக்கம் போவீர்கள், உங்கள் பிம்பம் எதிர்ப்பக்கம் ஓடும். உங்களுக்கு ஒரு சொட்டு உயிர்தான் மிஞ்சும். அடுத்த லெவலில் நீங்கள் குடிக்க வேண்டிய மருந்தை அது குடித்துவிட்டுப் போகும். கடைசியில் வாளோடு எதிரே வந்து நிற்கும். நீங்கள் அதைக் குத்தினால் உங்கள் உயிரும் குறையும். முடிவைச் சொல்லலாமா? முப்பது வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது, சொல்கிறேன். வாளை உறையில் போட வேண்டும். போட்டால் அதுவும் போடும். ஓடிப்போய் ஒன்றாகிவிடலாம். எனக்கு இது பிடிபடுவதற்குள் எத்தனை முறை செத்தேன் என்று கணக்கே இல்லை. மெமரி தாராளமாக இருந்திருந்தால் அங்கே ஒரு பெரிய அரக்கனை நிறுத்தியிருப்பார்கள், நானும் இந்நேரம் மறந்திருப்பேன்.

'ஸ்பேஸ் இன்வேடர்ஸ்' கதையும் இதே ஜாதிதான், அங்கே போதாதது இயந்திரத்தின் வேகம். 1978-இல் தோமோஹிரோ நிஷிகாடோ செய்தது. நாம் எதிரிகளைச் சுட்டு வீழ்த்த வீழ்த்த மிச்சமிருப்பவர்கள் வேகமெடுப்பார்களே, அது முதலில் திட்டமிட்டது இல்லை. வரைய வேண்டிய உருவங்கள் குறையக் குறைய இயந்திரத்தின் பாரம் குறைந்தது, அவ்வளவுதான். அவர் அதை அப்படியே விட்டுவிட்டார். 1984-இல் வந்த 'எலைட்' இன்னொரு அதிசயம். 32 கிலோபைட் கம்ப்யூட்டருக்குள் எட்டு அண்டங்கள், ஒவ்வொன்றிலும் 256 நட்சத்திர மண்டலங்கள். எதையும் சேமித்து வைக்கவில்லை. சில எண்களை வைத்துக்கொண்டு, வேண்டும்போது கணக்குப் போட்டு வரவழைத்தார்கள்.

இனி என் எரிச்சல். பழைய கேம் கஷ்டமானது, அதனால் உயர்ந்தது என்று சிலர் மார்தட்டுவார்கள். நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். 1990-இல் வந்த 'கிங்ஸ் குவெஸ்ட் 5'-இல் ராஜாவுக்கு மலையில் பசிக்கும். கைவசம் 'pie' என்னும் பலகாரம் ஒன்றும் ஆட்டுத்தொடையும் இருக்கும். பசிக்குப் பலகாரத்தைத் தின்றீர்களோ, தொலைந்தீர்கள். கொஞ்ச நேரம் கழித்து வரும் பனிமனிதனின் மூஞ்சியில் எறிய வேண்டியது அந்தப் பலகாரம்தான்! அதை முன்கூட்டி யார் சொன்னார்கள்? இதற்குப் பேர் சவால் இல்லை, வம்பு. அதே வருஷம் ரான் கில்பர்ட் 'மங்கி ஐலண்ட்' செய்தபோது இந்த மாதிரி முட்டுச்சந்துகளே கூடாது என்று ஒதுக்கிவிட்டார். அதில் சாவதே அபூர்வம். பத்து நிமிஷம் மூச்சடக்குவேன் என்று பீற்றிக்கொள்ளும் நாயகனைத் தண்ணீருக்கடியில் பத்து நிமிஷத்துக்கு மேல் விட்டுவைத்தால் மட்டும் செத்துப்போவான். நான் வேண்டுமென்றே விட்டுப் பார்த்திருக்கிறேன்.

2012-இல் மெக்னரின் அப்பா ஒரு பெட்டியிலிருந்து பழைய ஃப்ளாப்பிகளைக் கண்டெடுத்தார். 'பிரின்ஸ் ஆஃப் பெர்சியா'வின் மூல நிரல் அதில் இருந்தது. மெக்னர் அதை எல்லோரும் பார்க்கும்படி வெளியிட்டுவிட்டார். நானும் இறக்கிப் பார்த்தேன். அது எழுதப்பட்ட அசெம்பிளி என்கிற கம்ப்யூட்டர் மொழி எனக்கு அரைகுறைதான். அந்த நிழலைச் செய்த வரிகளைத் தேடியே ஒரு ராத்திரி முழுக்கப் போனது. அகப்படவில்லை. இந்த வாரக் கடைசியில் மறுபடி தேடப் போகிறேன்.

வணக்கம்.