ஒரு ஜாக்கெட், ஒரு வினைச்சொல்: கெதார்

வணக்கம் நண்பர்களே. மத்ரித்தில் ஞாயிற்றுக்கிழமை என்றால் எல் ராஸ்த்ரோ சந்தைதான். இப்போது அந்தச் சந்தைத் தெருவில், ரிபேரா தே கூர்த்திதோரெஸ் சரிவில் நின்றுகொண்டுதான் பேசுகிறேன். பின்னால் இரைச்சல் கேட்டால் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள். இந்த ஜாக்கெட்டைப் பாருங்கள். இதை வாங்கி முடிப்பதற்குள் ஒரே வினைச்சொல் மூன்று அர்த்தத்தில் வந்து போனது. அந்த ஸ்பானிஷ் சொல் கெதார் (quedar). இன்றைக்கு முழுக்க அதைப் பற்றித்தான்.

முதலில் உச்சரிப்பு. நடுவில் வரும் d எழுத்தைப் பார்த்து 'கெடார்' என்று சொல்லிவிடாதீர்கள். 'காது', 'மாதம்' என்று சொல்லும்போது வருகிற மெல்லிய த அது. அதே எழுத்து ஒரு 'ன்'னுக்குப் பின்னால் வந்தால் 'சந்தை'யில் வருகிற மாதிரி அழுத்தமாகிவிடும்: தோந்தே, அதாவது 'எங்கே'. தமிழில் நாம் யோசிக்காமலே செய்கிற மாற்றம்தான் இது.

சரி, கடைக்கு வருவோம். ஜாக்கெட்டைப் போட்டுப் பார்த்தேன். கடைக்கார அம்மா, "கே தால் தே கெதா?" என்றார். உனக்கு எப்படி இருக்கிறது, அளவு சரியா என்று கேட்கிறார். தோள்பட்டை தொளதொளவென்று இருந்தது. "மே கெதா கிராந்தே" என்றேன், எனக்குப் பெரிதாக இருக்கிறது. அப்புறம், சின்ன அளவு மிச்சம் இருக்கிறதா என்று கேட்க வேண்டுமே, அதற்கும் இதே சொல்தான்: "லே கெதான் மாஸ் பெகேஞாஸ்?" வயதில் பெரியவர் என்பதால் 'தே' போடாமல் 'லே' போட்டேன். நம்முடைய உனக்கு, உங்களுக்கு வித்தியாசம்தான். "மே கெதா உனா" என்று ஒன்றை எடுத்துக் கொடுத்தார். கச்சிதம். "மே லா கெதோ" என்றேன், நானே எடுத்துக்கொள்கிறேன்.

'மே கெதா'வில் வருகிற 'மே'யைக் கவனித்தீர்களா? அதுதான் நம் 'எனக்கு'. ஆங்கிலம் வழியாக ஸ்பானிஷ் படித்தபோது இந்த இடத்தில்தான் மாதக்கணக்கில் திணறினேன். ஆங்கிலத்தில் 'நான்' முன்னால் வந்து நிற்கும். இங்கே எழுவாய் ஜாக்கெட். மிச்சம் இருப்பதும் ஜாக்கெட், பெரிதாக இருப்பதும் ஜாக்கெட். ஆள் நான்காம் வேற்றுமையோடு பக்கத்தில் நிற்கிறார், அவ்வளவுதான். 'எனக்குப் பிடிக்கும்' என்று சொல்லி வளர்ந்தவர்களுக்கு 'மே குஸ்தா'வும் புதிதில்லை, 'மே கெதா'வும் புதிதில்லை. தயவுசெய்து தமிழிலிருந்து நேராக ஸ்பானிஷுக்குப் போங்கள், நடுவில் ஆங்கிலம் வேண்டாம்.

ஒரு இடத்தில் மட்டும் கவனம் தேவை. ஒன்று மிச்சம் என்றால் கெதா, பல என்றால் கெதான். பேச்சில் நாம் 'ஒண்ணு இருக்கு', 'மூணு இருக்கு' என்று ஒரே மாதிரி சொல்லிவிடுவோம். இவர்கள் பேச்சிலும் 'இருக்கின்றன' வேண்டும்.

இப்போது 'மே லா கெதோ'. இங்கே நான்தான் எழுவாய், வினை கெதார்சே. அந்தக் கடைசி 'சே' பல இடங்களில் நம் 'கொள்' செய்கிற வேலையைச் செய்கிறது. "கெதாதே கோன் எல் காம்பியோ" என்றால் சில்லறையை நீயே வைத்துக்கொள். ஆனால் "கெதாதே என் காசா" என்றால் வீட்டிலேயே இரு. 2020 மார்ச்சில் கொரோனா ஊரடங்கு வந்தபோது ஸ்பெயின் முழுக்க ஒலித்த வாசகம் இது.

இதன் வேர் லத்தீனில் 'அமைதி' என்ற சொல்லில் இருக்கிறது. ஓய்ந்து, அசையாமல் நிற்பது. மற்றதெல்லாம் போன பிறகு அங்கேயே நிற்பதுதானே மிச்சம்? இழப்புக்குப் பின் வரும் நிலைக்கும் இதையே சொல்வார்கள். "சே கெதோ சியேகோ", அவருக்குப் பார்வை போய்விட்டது. எங்கள் மாடிவீட்டுப் பாட்டி, கணவர் இறந்ததைப் பற்றி ஒரு முறை பேசியபோது "மே கெதே சோலா" என்றார். தனியாகிவிட்டேன். அகராதியில் இந்தச் சொல்லுக்கு எத்தனையோ பொருள் படித்திருந்தேன், அன்றைக்குத்தான் அதன் கனம் புரிந்தது.

'தோந்தே கெதா எல் மெத்ரோ?', மெட்ரோ எங்கே இருக்கிறது என்று வழி கேட்கவும் இதைப் பயன்படுத்தலாம். அது சுலபம்.

கடைசியாக, சந்திக்க ஏற்பாடு செய்வது. "கெதாமோஸ்?" என்றாலே போதும், சந்திக்கலாமா என்று கேட்டதாகிவிடும். இந்த ஒற்றைச் சொல் வழக்கு ஸ்பெயினில்தான் அதிகம். லத்தீன் அமெரிக்காவில் 'கெதாமோஸ் என் பேர்னோஸ்', பார்த்துக்கொள்வதாகப் பேசிக்கொண்டோம் என்று நீட்டிச் சொல்வது வழக்கம். மத்ரித்காரர்கள் சந்திக்கக் குறித்துக்கொள்கிற இடம், புவெர்த்தா தெல் சோல் சதுக்கத்தில் இருக்கிற கரடிச் சிலை. அந்த மாடிவீட்டுப் பாட்டி இன்று காலை படிக்கட்டில் என்னை நிறுத்தி, "கெதாமோஸ் என் எல் ஓசோ, ஆ லாஸ் தோஸ்" என்றார். கரடிக்குப் பக்கத்தில், இரண்டு மணிக்கு. இப்போது ஒன்றே முக்கால். ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டே கிளம்புகிறேன்.