குவைத் அமீருக்குச் சம்பளம் எவ்வளவு, அதை யார் போடுறாங்க?

வணக்கம் மக்களே. இன்னிக்கு முன்னுரை எதுவும் இல்ல, எரிச்சல்ல இருக்கேன். ரெண்டு நாளா ஒரு ஷார்ட்ஸ் சுத்திட்டு இருக்கு. தங்கக் கலர் கார், ஒட்டகம், பின்னாடி ஒரு குரல்: "அரபு நாட்டுல ஷேக் வெச்சதுதான் சட்டம், அந்த ஊர்க்காரனே வாயைத் திறக்க முடியாது." வளைகுடா நாடு ஆறையும் ஒரே மூட்டையா கட்டிட்டாங்க. இங்க வழக்கமா வர்றவங்களுக்குத் தெரியும், எனக்கு இந்த மூட்டை கட்டுற வேலையே ஆகாது. ஒவ்வொரு நாட்டையும் தனியாத்தான் பாக்கணும். இன்னிக்கு குவைத். அங்க நாட்டை ஆளுறவருக்குப் பேர் அமீர்.

குவைத்தை ஆளுற அல் சபா குடும்பம் அந்த ஊரைப் படையெடுத்துப் பிடிக்கல. 18-ம் நூற்றாண்டுல நடு அரேபியாவுல இருக்கிற நஜ்துப் பக்கம் இருந்து வந்த குடும்பங்கள் வேலையைப் பிரிச்சுக்கிட்டாங்க. கடல், முத்து, வியாபாரம் எல்லாம் மத்தவங்களுக்கு. ஊர் நிர்வாகம் சபா குடும்பத்துக்கு. நிர்வாகச் செலவுக்குக் காசு வியாபாரிங்க கையில இருந்துதான் வரணும். 1910-ல அப்போ ஆண்ட ஷேக் முபாரக் வரியை ஏத்தினப்போ, பெரிய முத்து வியாபாரிங்க சண்டைக்கு நிக்கல. ஆளுங்களைக் கூட்டிக்கிட்டு பஹ்ரைனுக்குப் போயிட்டாங்க. அவங்க போனா வரியும் போச்சு. முபாரக் இறங்கி வந்து சமாதானம் பேசித்தான் திரும்ப அழைச்சார். சொல்ல மறந்துட்டேன், இவர் 1896-ல தன் சகோதரர்கள் ரெண்டு பேரைக் கொன்னுட்டு ஆட்சிக்கு வந்தவர். அப்படிப்பட்ட மனுஷன்தான் இறங்கி வந்தார்.

1938-ல எண்ணெய் கிடைச்சது, 1946-ல முதல் ஏற்றுமதி. அதோட காசு ஓடுற திசையே மாறிடுச்சு. இப்போ அரசு குடிமக்களுக்குக் கொடுக்குது: வருமான வரி கிடையாது, வீட்டுக் கடன், அரசு வேலை, தம்வீன் கார்டுல, அதாவது அவங்க ரேஷன் கார்டுல, மானிய விலைக்கு அரிசி, சர்க்கரை, பால் பவுடர். 2011-ல ஒவ்வொரு குடிமகனுக்கும் 1,000 தினார் ரொக்கம், கூடவே 14 மாசத்துக்கு ரேஷன் இலவசம்.

சரி, சம்பளத்துக்கு வருவோம். இது எனக்கு ரொம்பப் பிடிச்ச இடம், கொஞ்சம் நேரம் எடுப்பேன். 1962 அரசியலமைப்புல 21-வது பிரிவு, இயற்கை வளம் எல்லாம் அரசோட சொத்துன்னு சொல்லுது. அமீரோட சொத்துன்னு இல்ல. 78-வது பிரிவு, புது அமீர் வந்ததும் அவருக்கு வருஷத்துக்கு எவ்வளவுன்னு ஒரு சட்டம் போட்டு முடிவு பண்ணணும்னு சொல்லுது. அந்த ஆட்சி முடியுற வரைக்கும் அதே தொகைதான். நடுவுல ஏத்த முடியாது, அடுத்த அமீருக்கு வேற சட்டம். 2006 வரைக்கும் அமீரா இருந்த ஷேக் ஜாபர் காலத்துல அது 80 லட்சம் தினார். 2006-ல ஷேக் சபா வந்தப்போ 5 கோடி தினார். ஆறே கால் மடங்கு! இன்னிக்கு இருக்கிற சுமார் 15 லட்சம் குடிமக்களுக்கு வகுத்துப் பாருங்க, தலைக்கு 33 தினார் வருது. தொகை பெருசா சின்னதான்னு நீங்க சண்டை போட்டுக்கோங்க. ஆளுறவருக்கு எவ்வளவு போகுதுன்னு குடிமகன் கணக்குப் போட முடியுது பாருங்க, நான் காட்ட வந்தது அதைத்தான்.

அதே 2006 ஜனவரி. 15-ம் தேதி ஜாபர் இறக்குறார். பட்டத்து இளவரசர் ஷேக் சாத் தானாவே அமீர் ஆகிட்டார். ஆனா கடுமையா உடம்பு சரியில்லாதவர். 60-வது பிரிவுப்படி நாடாளுமன்றத்துல உறுதிமொழி எடுக்கணும். அது ஒரே ஒரு வாக்கியம்: அரசியலமைப்பை மதிப்பேன், மக்களோட உரிமையையும் சொத்தையும் காப்பேன், நாட்டைக் காப்பேன். அந்த ஒரு வாக்கியத்தை அவரால சொல்ல முடியுமாங்கிறதுதான் மொத்த நாட்டுக்கும் கேள்வி. குடும்பத்துக்குள்ள பேசி முடியல. 24-ம் தேதி, 1964 வாரிசுச் சட்டத்தை வெச்சு நாடாளுமன்றம் ஒருமனதா அவரைப் பதவியில இருந்து எடுத்துச்சு. ஒன்பது நாள்! அதுக்கப்புறம்தான் ஷேக் சபா அமீர் ஆனார்.

இங்க ஒண்ணு விட்டுட்டேன், பின்னாடி போறேன். 4-வது பிரிவு. அமீர் முபாரக்கோட வம்சத்துல இருந்துதான் வரணும். ஆனா பட்டத்து இளவரசரா அமீர் சொல்ற ஆளுக்கு நாடாளுமன்றத்துல பெரும்பான்மை வேணும். கிடைக்கலைன்னா அமீர் குறைஞ்சது மூணு பேரைச் சொல்லணும், அதுல ஒருத்தரை நாடாளுமன்றம் எடுக்கும்.

அமைச்சர் ஆளுற குடும்பத்து ஷேக்கா இருந்தாலும் நாடாளுமன்றத்துல கேள்வி உண்டு, அதுக்குப் பேர் இஸ்திஜ்வாப். உறுப்பினர் மனு கொடுத்து எட்டு நாள் கழிச்சு விவாதம். அதுக்கப்புறம் பத்து உறுப்பினர் கையெழுத்து போட்டா நம்பிக்கை ஓட்டு, அதுக்கும் ஏழு நாள் இடைவெளி. அந்த ஓட்டுல அமைச்சர்கள் கலந்துக்க முடியாது. சிக்கல் என்னன்னா, பிரதமரை இப்படி நேரா கவுக்க முடியாது. "இவரோட ஒத்துழைக்க முடியாது"ன்னு தீர்மானம் போடலாம். அப்போ பிரதமரை எடுக்கிறதா, நாடாளுமன்றத்தைக் கலைக்கிறதான்னு அமீர் முடிவு பண்ணுவார். அதனாலதான் இஸ்திஜ்வாப் வந்தப்போ பல தடவை அமைச்சரவை ராஜினாமா, இல்லேன்னா நாடாளுமன்றக் கலைப்பு. குவைத் செய்தியைத் தொடர்ந்து பாக்குறவங்களுக்கு இது பழகிப்போன சுத்து.

இதெல்லாம் முதல்ல பேசப்படுற இடம் திவானியா, அதாவது வீட்டுல ஆம்பளைங்க கூடிப் பேசுற கூடம். குவைத்துல வேலை பாக்குற நம்ம ஆளுங்களுக்கு நல்லாத் தெரியும். வீட்டோட வெளிப்பக்கம் தனி வாசல், சுவரை ஒட்டி நீள இருக்கை. இடது கையில தல்லா (காபி கூஜா), வலது கையால ஃபின்ஜான் (சின்னக் கோப்பை) நீட்டுவாங்க. போதும்னா கோப்பையை லேசா ஆட்டணும், இல்லேன்னா ஊத்திக்கிட்டே இருப்பாங்க. 1986-ல நாடாளுமன்றத்தை மூடிட்டாங்க. அதைத் திறக்கச் சொல்லி 1989 டிசம்பர்ல இருந்து முன்னாள் உறுப்பினர்கள் திங்கள்கிழமை தோறும் திவானியாவுல கூடினாங்க. போலீஸ் வந்து கதவை அடைச்சா ஜனம் தெருவுல நின்னுச்சு.

இப்போதைய நிலைமை எனக்கு வருத்தம்தான், மறைக்க விரும்பல. 2024 ஏப்ரல் 4-ல தேர்தல். மே 10-ல அமீர் ஷேக் மிஷால் நாடாளுமன்றத்தைக் கலைச்சு, அரசியலமைப்போட சில பிரிவுகளை நாலு வருஷம் வரைக்கும் நிறுத்தி வெச்சார். ஜூன் 1-ல புது பட்டத்து இளவரசர் வந்தார். 4-வது பிரிவு கேக்குற அந்த ஓட்டைப் போட சபையே இல்ல. நாலு வருஷம்னா 2028 மே. அந்தத் தேதியை நான் குறிச்சு வெச்சிருக்கேன், நீங்களும் குறிச்சுக்கோங்க.

குவைத்துல இருந்து பாக்குறவங்க, உங்க ஏரியா திவானியாவுல இப்போ என்ன பேச்சு ஓடுதுன்னு கமெண்ட்ல எழுதுங்க. பேர் ஊர் எதுவும் வேண்டாம்.