சட்டமே துணை: மட்டக்களப்புப் பட்டிமன்றத்தில் ஓர் அணியின் உரை

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம்.

போரில் ஆளைப் பறிகொடுத்த குடும்பத்துக்குப் பெரிய துணை சட்டமா, சனமா? சனம்தான் என்று எதிரணித் தங்கை நன்றாகவே வாதாடினார். செத்தவீட்டுக்குப் பந்தல் போட்டது ஊர், உலை வைத்தது அயல், பிள்ளையைப் பள்ளிக்கூடம் கூட்டிப்போனது மாமி என்றார். ஒன்றையும் நான் மறுக்கவில்லை. ஆனால் தங்கச்சி, இதெல்லாம் முதல் ஆறு மாதக் கதை. அதற்குப் பிறகு பெரும்போகம், வயல் விதைக்கிற காலம், வரும்.

மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, படுவான்கரையில் ஒரு குடும்பத்தை எடுங்கள். வீடு சீதனமாக வந்தது, மனைவி பெயரில் இருக்கிறது. வயலோ அரச காணி. 1935 ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ்க் கொடுத்த அனுமதிப்பத்திரம், அதாவது பெர்மிட். பெரும்பாலும் புருசன் பெயரில்தான் இருக்கும். கமநல சேவை நிலையத்தின் உரமானியப் பட்டியலிலும் அவர் பெயர், வங்கிப் புத்தகத்திலும் அவர் பெயர். அவர் இறந்திருந்தால் மரணச் சான்றிதழைக் காட்டி அலுவல் பார்க்கலாம். காணாமல் போயிருந்தால்? ஊரே திரண்டு வந்து சாட்சி சொன்னாலும் வங்கி முகாமையாளர் ஒரு சதம் கொடுக்கமாட்டார்.

2010 இல் ஒரு சட்டம் வந்தது, இறப்புப் பதிவு தற்காலிக ஏற்பாடுகள் சட்டம், 19 ஆம் இலக்கம். ஓராண்டுக்கு மேல் தகவல் இல்லையென்றால் மரணச் சான்றிதழ் எடுக்கலாம் என்றார்கள். பல பெண்கள் எடுக்கவில்லை. தேடுவதை நிறுத்தச் சொல்லித் தன் கையாலேயே எழுதிக் கொடுக்க எந்த மனைவிக்கு மனம் வரும்? அந்த முடிச்சை அவிழ்த்தது உறவல்ல, 2016 ஆம் ஆண்டின் 16 ஆம் இலக்கத் திருத்தச் சட்டம். காணக்கிடைக்காமைச் சான்றிதழ் அதில்தான் பிறந்தது. புருசன் இறந்ததாக ஒப்புக்கொள்ளாமலே கொடுப்பனவு கேட்கலாம், சொத்தைப் பராமரிக்கலாம், பிள்ளைகளின் பாதுகாவலுக்கு விண்ணப்பிக்கலாம். 2019 வரவு செலவுத் திட்டத்தில் மாதம் 6,000 ரூபாய் ஒதுக்கியதும் இந்தச் சான்றிதழ் வைத்திருந்த குடும்பங்களுக்கே.

"சட்டம் கடதாசியில், சனம் வாசலில்" என்று கைதட்டு வாங்கினார் தங்கை. கடதாசி எங்கே சிக்குகிறது என்று பார்ப்போம். பிறப்புச் சான்றிதழில் தம்பிராசா, அடையாள அட்டையில் தம்பிராஜா, சிங்களத்தில் பதிந்த பொலிஸ் முறைப்பாட்டில் இரண்டும் இல்லாத மூன்றாவது பெயர். இங்கேதான் விண்ணப்பம் திரும்பி வரும். அலுவலகத்துக்குப் போகும் முன் எல்லாக் கடதாசியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எழுத்தெழுத்தாக ஒப்பிட வேண்டும். வேறுபாடு இருந்தால் இருவரும் ஒருவரே என்று சத்தியக்கடதாசி முடித்து, கிராம உத்தியோகத்தரின் கடிதத்தையும் சேர்த்துக் கொடுக்க வேண்டும். ஊர் செய்யக்கூடிய உதவி ஒன்று உண்டு: அந்த அம்மாவோடு கச்சேரிக்கு, அதாவது மாவட்டச் செயலகத்துக்கு, துணைக்குப் போவது. அதையும் சட்டம் ஒரு கதவைத் திறந்து வைத்தால்தான் செய்யலாம்.

அமெரிக்காவில் படைவீரர் குடும்பங்களைத் தாங்குவது சங்கங்கள்தான் என்றும் ஒரு வாதம் வந்தது. 1973 ஜூலை 12 அன்று சென்ட் லூயிஸ் நகரில் படையினரின் ஆவணக் காப்பகம் தீப்பிடித்தது. 1 கோடியே 60 இலட்சத்துக்கும் 1 கோடியே 80 இலட்சத்துக்கும் இடைப்பட்ட கோப்புகள் நாசம். சேவை செய்ததற்கு அத்தாட்சி இல்லையென்றால் சலுகையும் இல்லை. சம்பளச் சீட்டு, வேறு பதிவுகள் என்று தேடி எடுத்துக் கோப்பைத் திரும்பக் கட்ட வேண்டும். ஒரு விதவை தனியே செய்கிற வேலையா அது? விஸ்கொன்சின் மாநிலச் சட்டம், ஒவ்வொரு கவுண்டியும், நம் மாவட்டம் மாதிரி, படைவீரர் சேவை அலுவலர் ஒருவரை வைத்தே ஆகவேண்டும் என்கிறது. வாசலில் நிற்கும் ஆளையும் சட்டமே அனுப்புகிறது, நடுவர் அவர்களே.

டெக்சாஸ் மாநிலத்தில் படைவீரருக்கென்று ஹேசல்வூட் சட்டம் இருக்கிறது. அரச பல்கலைக்கழகத்தில் 150 பாடமணி வரை கல்விக் கட்டணம் இல்லை. படைவீரர் பயன்படுத்தாத மிச்சத்தைப் பிள்ளைக்கு மாற்றிக் கொடுக்கலாம். ஆனால் தவணை தொடங்கும் நாளில் பிள்ளைக்கு 25 வயதைத் தாண்டியிருக்கக் கூடாது, ஒரு நேரத்தில் ஒரு பிள்ளைக்கு மட்டும்தான். புத்தகச் செலவும் தங்குமிடமும் இதில் அடங்கா. இதைத் தெரியாமல் கடைசி நேரத்தில் விண்ணப்பித்துத்தான் பலர் மாட்டுப்படுகிறார்கள்.

அதே டெக்சாஸில் நூறு வீதம் அங்கவீனமான படைவீரரின் வீட்டுக்கு வரி இல்லை. அவர் இறந்தால் மனைவிக்கும் அந்த விலக்குத் தொடரும், மறுமணம் செய்யாதவரை. எனக்கு இந்த நிபந்தனை பிடிக்கவில்லை. சட்டம் குறையில்லாதது என்று வாதாட நான் எழுந்து நிற்கவில்லை.

நம் காணிச் சட்டத்திலும் அப்படியொரு குறை இருந்தது. பெர்மிட்காரர் வாரிசைப் பெயர் குறிக்காமல் இறந்து, காணியை ஏற்கத் துணையும் இல்லாவிட்டால், பிள்ளைகளில் ஆணுக்கே முதலிடம் என்றது அதன் மூன்றாம் அட்டவணை. தாய்வழியில் குடி, அதாவது குலம், பார்க்கிற, பெண்ணுக்கு வீட்டை எழுதுகிற மட்டக்களப்புச் சனம் நாங்கள். அப்படியிருந்தும் வயல் விசயத்தில் 87 வருசம் அந்த அட்டவணைக்குக் கீழேதான் இருந்தோம். ஊர்ப் பெரியவர்கள் கூடி அதில் ஒரு வரியையாவது வெட்ட முடிந்ததா? 2022 இல் நாடாளுமன்றம் திருத்திய பிறகுதான் மகளும் மகனும் அதில் சமமானார்கள்.