எல்லா செட்டப் போட்டோவிலயும் அந்த வெள்ளைக் கோன் ஸ்பீக்கர் ஏன் இருக்கு?

வீட்டு ஹாலுக்குன்னு விற்பனைக்கு வந்து, அங்க எடுபடாம போன ஒரு ஸ்பீக்கர், முப்பது வருஷம் கழிச்சு கிராமி மேடை வரைக்கும் போச்சு. அதோட வாரிசுதான் இன்னைக்கு உங்கள்ல பாதிப் பேர் மேசையில உட்கார்ந்திருக்கு. ஆனா நீங்க அதை வச்சிருக்கிற இடத்துல, பாட்டுல ஒரு பகுதி உங்க காதுக்கே வர்றதில்ல. ரெண்டையும் இந்த வீடியோவுல பார்த்துடலாம்.

வணக்கம் மக்களே! உங்க கம்ப்யூட்டர் மேசை செட்டப் போட்டோ அனுப்பின எல்லாருக்கும் பெரிய நன்றி. கேபிள் ஒண்ணுகூட வெளிய தெரியாம கட்டியிருக்கீங்க, கீபோர்டுக்கும் வால்பேப்பருக்கும் கலர் மேட்ச் பண்ணியிருக்கீங்க. பார்க்கவே ஆசையா இருக்கு. அதுல திரும்பத் திரும்பக் கண்ணுல பட்டது ஒண்ணுதான்: கறுப்புப் பெட்டி, நடுவுல பளிச்னு வெள்ளைக் கோன், அதாவது அதிர்ந்து ஓசை தர்ற கூம்பு. யமஹா ஹெச்எஸ் சீரிஸ்.

[திரையில்: பழைய என்எஸ்-10 படம்]

இவர்தான் தாத்தா, யமஹா என்எஸ்-10. 1978-ல வந்தது. வடிவமைச்சவர் அகிரா நகமுரா. வீட்டுல பாட்டு கேட்கிறவங்களுக்குப் பிடிக்கல. பேஸ், அதாவது அடித்தொண்டை ஓசை, குறைவு; மேல் ஸ்தாயி ஓசை ஒரே கூர்மை. ஆனா ஸ்டுடியோ இன்ஜினியர்கள் இதைத் தூக்கி மிக்சிங் கன்சோல் மேல, அதாவது குரலையும் கருவிகளையும் கலந்து ஒரே பாட்டாக்குற பலகை மேல வச்சாங்க. பாப் கிளியர்மவுண்டன் மாதிரி பெரிய மிக்சிங் இன்ஜினியர்கள் பயன்படுத்த ஆரம்பிச்சதும், ஊர் ஊரா எல்லா ஸ்டுடியோவிலயும் இது வந்து உட்கார்ந்துடுச்சு.

இந்தக் கோனைக் கொஞ்சம் கிட்டப் பாருங்க. வட்டத்துக்குக் குறுக்கே ஒரு ஒட்டு தெரியுதா? வழக்கமா பேப்பர் கோனை அச்சுல அழுத்தி எடுப்பாங்க. இதைத் தட்டையான தாள்ல வெட்டி, நம்ம கடலைக்காரர் பொட்டலம் சுருட்டுற மாதிரி சுருட்டி ஒட்டியிருக்காங்க! எனக்கு இந்த ஒட்டுன்னா அவ்வளவு இஷ்டம். 18 செ.மீ. தாள் கோன், உலகம் முழுக்க எத்தனை ஆல்பத்தோட தலையெழுத்தைத் தீர்மானிச்சிருக்கு!

அந்தக் கூர்மையைத் தாங்க முடியாம, இன்ஜினியர்கள் ட்வீட்டர் (மேல் ஸ்தாயி ஓசை தர்ற சின்ன ஸ்பீக்கர்) மேல டிஷ்யூ பேப்பர் ஒட்டினாங்க. நிஜமாத்தான். பாத்ரூம்ல இருக்கிற அதே டிஷ்யூ. எந்த டிஷ்யூ, எத்தனை மடிப்புன்னு 1980-கள்ல பாப் ஹோடஸ்னு ஒருத்தர் உட்கார்ந்து அளந்தே பார்த்தார். அப்புறம் 1987-ல யமஹாவே ட்வீட்டரை மாத்தி ஸ்டுடியோ மாடல்னு ஒண்ணு விட்டது. அதைக் கன்சோல் மேல படுக்க வச்சுப் பயன்படுத்துவாங்கன்னு தெரிஞ்சு, பெயரையும் படுக்கைவாட்டுலயே அச்சடிச்சாங்க.

சரி, வீட்டுக்கு ஆகாதது ஸ்டுடியோவுக்கு ஏன் ஆச்சு? இங்கிலாந்துல சவுத்தாம்ப்டன் பல்கலைக்கழகத்துல இதையும் வேற முப்பதுக்கும் மேற்பட்ட ஸ்பீக்கர்களையும் அளந்து பார்த்தாங்க. என்எஸ்-10 பெட்டியில ஓட்டை கிடையாது, மூடின பெட்டி. அதனால சத்தம் நின்னா டக்னு நிக்குது, பேஸ் இழுத்துட்டுப் போறதில்ல. அதோட குரல், கிட்டார் எல்லாம் இருக்கிற நடு அலைவரிசை தூக்கலா இருக்கும். மிக்ஸ்ல தப்பு இருந்தா மூஞ்சிக்கு நேரா தெரிஞ்சிடும்.

2001-ல உற்பத்தி நின்னுச்சு, அந்தக் கோனுக்கான மரக்கூழ் கிடைக்கலன்னு காரணம் சொன்னாங்க. 2008-ல இதுக்காக டெக்னிக்கல் கிராமி, அதாவது ஒலிப்பதிவுத் தொழில்நுட்பத்துக்கான கிராமி விருது கிடைச்சது.

இப்ப உங்க மேசைக்கு வருவோம். ஹெச்எஸ் சீரிஸ்ல ஒண்ணான ஹெச்எஸ்5-ல வெள்ளைக் கோன் மட்டும்தான் தாத்தாவோடது. இது பின்பக்கம் ஓட்டை இருக்கிற பெட்டி, ஆம்ப்ளிஃபயர் உள்ளேயே இருக்கு, நிக்க வைக்கிறதுக்குன்னே செஞ்சது. ஸ்டுடியோ போட்டோவைப் பார்த்துட்டு இதைப் படுக்க வைக்காதீங்க. படுக்க வச்சா, தலையைக் கொஞ்சம் பக்கவாட்டுல அசைச்சாலே வூஃபருக்கும் (பேஸ் தர்ற பெரிய கோன்) ட்வீட்டருக்கும் உங்க காதுலேர்ந்து இருக்கிற தூரம் மாறும், ரெண்டும் சேர்ந்து ஒலிக்கிற அலைவரிசையில ஓசை குழம்பும்.

அதைவிடப் பெரிய விஷயம் மேசை! முக்கால்வாசி போட்டோவுல ஸ்பீக்கர் மானிட்டருக்குப் பின்னால, சுவரை ஒட்டி இருக்கு. முன்னால பளபளன்னு அகலமா மேசை. அழகுதான். ஆனா கணக்கைப் பாருங்க.

[திரையில்: பக்கவாட்டு வரைபடம்]

ட்வீட்டர் மேசையிலேர்ந்து 20 செ.மீ. உயரம். உங்க காது 40 செ.மீ. உயரம். நடுவுல 80 செ.மீ. தூரம். நேரா வர்ற ஒலி கிட்டத்தட்ட 82.5 செ.மீ. பயணம் பண்ணுது. மேசையில பட்டுத் தெறிச்சு வர்ற ஒலி 100 செ.மீ. வித்தியாசம் 17.5 செ.மீ. ஒலி நொடிக்கு 343 மீட்டர் போகுது இல்லையா? அப்போ 980 ஹெர்ட்ஸ் அலையோட நீளத்துல சரிபாதி இந்த 17.5 செ.மீ. அதனால அங்க இந்த ரெண்டு அலையும் எதிரெதிரா வந்து மோதி ஒண்ணை ஒண்ணு அமுக்கிடும். அதோட மூணு மடங்குல, 2940 ஹெர்ட்ஸ்ல, மறுபடியும் ஓசையில ஒரு பள்ளம். பாடகரோட சொல் தெளிவா கேட்கிறதுக்கு நமக்கு வேண்டிய இடமே அதுதான்! புது டிஏசி (டிஜிட்டல் பாட்டை மின் சிக்னலா மாத்துற கருவி) வாங்கினாலும், தங்கமுலாம் கேபிள் போட்டாலும் இந்தப் பள்ளம் நிரம்பாது.

கண்டுபிடிக்க ஒரு முகம் பார்க்கிற கண்ணாடி போதும். மேசை மேல படுக்க வச்சு, உங்க நாற்காலியில உட்கார்ந்தபடியே, வேற யாரையாவது அதை மெதுவா நகர்த்தச் சொல்லுங்க. கண்ணாடியில ட்வீட்டர் எங்க தெரியுதோ, ஒலி தெறிக்கிறது அங்கதான். நாம போட்ட கணக்குல அது ஸ்பீக்கருக்கு முன்னால 27 செ.மீ.ல இருக்கு. ஸ்பீக்கரை இழுத்து மேசை விளிம்புக்கே கொண்டு வந்தா, தெறிக்க அங்க மேசையே இருக்காது. செலவு பூஜ்யம். ட்வீட்டரைக் காது உயரத்துக்கு ஏத்தி, ரெண்டு ஸ்பீக்கரும் உங்க தலையும் சமபக்க முக்கோணமா வர்ற மாதிரி உள்பக்கம் திருப்புங்க.

சுவரை ஒட்டி வைக்கிறதைத் தவிர வழியே இல்லன்னா, பின்பக்கம் ரூம் கன்ட்ரோல்னு ஒரு சுவிட்ச் இருக்கு. 0, -2, -4 டெசிபல். சுவரால ஏறுற பேஸைக் குறைக்கத்தான் அது.

செட்டப் காட்டுறதுல எனக்கு ரொம்பப் பிடிச்சது, ஒருத்தர் மேசையைப் பார்த்து இன்னொருத்தர் கத்துக்கிறது. விலைப் பட்டியலைப் பார்த்து அப்படிக் கத்துக்க முடியாது. அதனால அடுத்த தடவை போட்டோ அனுப்பும்போது பக்கவாட்டுல ஒண்ணு எடுங்க. டேப் வச்சு ட்வீட்டர் உயரம், காது உயரம், நடுவுல இருக்கிற தூரம், மூணையும் கமென்ட்ல போடுங்க. உங்க மேசையில பள்ளம் எந்த ஹெர்ட்ஸ்ல விழுதுன்னு நான் கணக்குப் போட்டு பதில் எழுதுறேன். எல் வடிவ மேசைக்காரங்க, ஒரு பக்கம் மட்டும் சுவர் இருக்கிறவங்க, நீங்க முதல்ல வாங்க.